பேச்சு முடியுமுன் விரித்த பாய்

விடிந்ததும் வீட்டுத் தூணில் டௌலா முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தென்னையில் உரசும் பன்றியைப் போல, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக. அடுப்பில் கொக்கோ காய்ச்சிக்கொண்டிருந்த லோசா பார்த்தபடி நின்றாள். நேற்றும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டிருந்தாள். அரிப்பு அடங்கவில்லை.

"என்ன பாக்குற? தூணு தேஞ்சிடும்னா?"

"உன் முதுகு தேஞ்சிடும்னு."

சில வாரங்களுக்கு முன் ஊர்ப் பெரியவர் இறந்துபோயிருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடல் பிணவறைக் குளிரில் காத்திருந்தது. இன்று அடக்கம். அந்த வீட்டு முற்றவெளியில், வெறுங்காலோடு, கோலை ஊன்றி நின்று, தன் குடும்பத்துக்காக டௌலா பேச வேண்டும். சாவுச் சேதி வந்தபோது அவன் கால் பெருவிரல் வாத வீக்கத்தில் பழுத்த பப்பாளியாக இருந்தது. விரலுக்காக உட்கார்ந்த பேச்சாளன் என்று பெயர் வந்தால் அது பேரன்வரை போகும்.

நர்ஸ் சின்ன மாத்திரை ஒன்று கொடுத்தாள். இதில் தொடங்கு, ரத்தம் பார்த்துவிட்டு மெல்ல மெல்ல ஏற்றலாம், அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டு உடனே வா என்றாள். பக்கத்தில் இருந்த லோசாவும் அதைக் காதில் வாங்கினாள். அதற்குள் ஆக்லாந்திலிருந்து அவள் அண்ணன் ஃபெரெட்டி வந்திறங்கினான், தன் வாதத்துக்கான பெரிய மாத்திரைப் புட்டியோடு.

"மச்சான், நர்ஸ் குடுத்தது கொழந்தைக்குக் குடுக்கறது. இதப் போடு. நான் வருஷக்கணக்கா போடறேன், ரக்பி ஆடலாம்."

பெண்டாட்டியின் அண்ணன் நீட்டியதை இந்தத் தீவில் யாரும் தள்ளுவதில்லை. லோசாவும் வாயைத் திறக்கவில்லை. வீக்கம் தானாக வடிந்ததோ என்னவோ, வடிந்தது. புகழெல்லாம் புட்டிக்குப் போனது. பிறகுதான் அரிப்பு. பிறகு பன்றிக்கறி வாசனைக்கே முகத்தைத் திருப்பினான். நேற்று வீட்டின் பின்னால் வெள்ளைப் பவளக்கற்கள்மேல் அவன் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதை அவள் பார்த்துவிட்டாள். கழுவுமுன் கற்களில் அவன் மூத்திரம் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் இருந்தது.

"நர்ஸ்கிட்ட போலாம், டௌலா."

"பேசிட்டுப் போலாம்."

"அதுக்குள்ள அந்த மாத்திர உன்னத் தின்னுட்டா?"

"நான் பேசறப்ப யாரும் திங்கக் கூடாதுன்னு அதுக்கும் தெரியும்." சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முற்றவெளியில் வெயில் ஏறியிருந்தது. பெண்கள் வரிசையின் முன்னால் லோசா நின்றாள். கையில் இறந்தவர் வீட்டுக்கு மரியாதையாகக் கொடுக்க மடித்த பாய்; துணியைப்போல மெல்லியது, ஓரமெல்லாம் சிவப்பு இறகு. பேச்சு முடிந்ததும் அதை விரித்துக்கொண்டு நடக்க வேண்டியது அவள்தான். பாய் வெளியே வந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

டௌலாவின் குரல் நன்றாகத்தான் எழும்பியது. மூதாதையர் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தான். சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பியபோதுதான் அவன் கண்களை அவள் பார்த்தாள். வீட்டின் மங்கலில் தெரியாதது இங்கே தெரிந்தது. வெள்ளை என்பதே இல்லை. அறுத்த மஞ்சள் கிழங்கு.

"அண்ணே, அவன் கண்ணப் பாரு."

பின்னால் நின்ற ஃபெரெட்டி பார்த்தான். "வெயிலு," என்றான். கொஞ்சம் கழித்து, சின்னக் குரலில், "எனக்கு ஒண்ணும் ஆகலையே லோசா. அதே மாத்திரதான்."

"நிறுத்தச் சொல்லு."

"பேசறவன யாரு நிறுத்துவா? நம்ம குடும்பத்துமேல ஊரே துப்பும்."

கோலின் நுனி மண்ணில் நடுங்கியது. டௌலா ஒரு பெயரைச் சொன்னான். பின் அதே பெயரை மறுபடியும் சொன்னான். பெயர் தவறாதவன் அவன். எதிர் வரிசையில் ஒரு கிழவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். இன்னும் எத்தனை தலைமுறை பாக்கி இருக்கிறது என்று லோசாவுக்குத் தெரியும். அதைத் தாங்க அந்த உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

பாயை உதறினாள். இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். பின்னால் ஃபெரெட்டி அவள் பெயரைச் சொன்னது கேட்டது. எதிர் வரிசையில் தலைகள் அவள் பக்கம் திரும்பின.

டௌலா பாதிப் பெயரில் நின்றான். அந்த மஞ்சள் கண்களால் முதலில் பாயைப் பார்த்தான், பிறகு அவளை. ஒரு கை கோலைப் பற்றியிருந்தது. மற்றது, ஊர் பார்ப்பதை மறந்து, விலாவைச் சொறிந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. பாயின் ஓரத்தில் சிவப்பு இறகுகள் ஆடிக்கொண்டே இருந்தன.