எல்லைக்கு அப்பால் லெட்டி

ஆசாவின் உடல் வீட்டுக்குள் கிடந்தது. மூத்த மகன் பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். ஆசாவின் மனைவி கெசியா எல்லைக் கல்லருகே வந்து நின்றாள். அடுத்த நிலத்தில் ஹைரம் பெல் குதிரைகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். அவரும் ஆசாவும் பேசிப் பதினெட்டு வருஷம்.

நெப்ராஸ்காவுக்கு முதலில் வந்தவர்களுக்கு நிலம் அளந்து தர ஆளில்லை. வண்டிச் சக்கரத்தில் துணியைக் கட்டி, அது சுற்றுவதை எண்ணித்தான் ஆசா முளை அடித்தார். ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கியதை யார் கண்டார்கள்? அந்த வருஷமே அவர்களுடைய மூன்று வயது மகள் லெட்டி காய்ச்சலில் போனாள். ஓநாய் தோண்டிவிடக் கூடாதென்று, புதைத்த மண்மேல் மாடுகளை நடத்தி, மேடே தெரியாமல் மிதித்துவிட்டார்கள். அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மறு வருஷம் சர்க்கார் ஆட்கள் சங்கிலி போட்டு அளந்தபோது, அவளைப் புதைத்த துண்டு புதிதாகக் குடிவந்த பெல்லின் பக்கம் போய்விட்டது. கைகலப்பு வரை வந்தது. "அவன் மண்ணுல என் கால் படாது" என்றார் ஆசா. படவில்லை. சாயங்காலங்களில் இந்தக் கல்லருகே வந்து, புகையிலை மென்றபடி நிற்பதோடு சரி.

பெல் கலப்பையை நிறுத்தினார். "என்ன கெசியாம்மா, அதிசயமா இருக்கு?"

"அவரு விடியக்காலம் போயிட்டாருங்க."

பெல் தொப்பியை எடுத்தார். "நான்தான் முன்னாடி போவேன்னு நெனச்சேன். அதுலயும் என்னை முந்திட்டான், பிடிவாதக்காரன்."

"அவரை உங்க நிலத்துலதான் புதைக்கணும்."

"என் நிலத்துலயா? கால் வைக்கமாட்டேன்னவனாச்சே!"

"அவரு எங்க கால் வைக்கப் போறாரு? நாலு பேரு தூக்கிட்டுத்தான வருவாங்க."

பெல்லுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "உங்களுக்கே அவ்வளவு நிலம் கிடக்கே. இங்க எதுக்கும்மா?"

"எங்க லெட்டி இங்கதான இருக்கா."

அவர் விழித்தார். கெசியா சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. தெரிந்தே உழுகிறான் பாவி என்று இத்தனை வருஷமும் அவரைச் சபித்திருந்தாள் அவள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, அந்த மனுஷன்!"

"பிள்ளையைக் காட்டி நிலம் கேக்கறான்னு பேசுவீங்கன்னு நெனச்சாரோ என்னமோ."

"எந்த இடம்? காட்டுங்க. அங்கயே வைங்க. இனி அந்தப் பக்கம் ஏர் வராது."

கெசியா பார்த்தாள். அன்று அடையாளம் வைத்த ஓடைகூட இடம் மாறியிருந்தது. "இங்கனதான்..." என்றாள். கை பாதியில் நின்றது.

பெல் குதிரைகளை அவிழ்த்து வீட்டுப் பக்கம் விரட்டிவிட்டார். அவளை நோக்கி வரத் திரும்பியவர் நின்றுவிட்டார். புதிதாகப் புரண்ட கறுப்பு மண் நாலாபக்கமும் ஒன்றுபோலக் கிடந்தது. தூக்கிய காலை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல், குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றார்.