சோப்பு கழுவிய மேக்னெட்

வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்குச் 'சோப்பு' என்று பெயர் வைத்தது சீனியர். கண்ணில் பட்ட குடுவையையெல்லாம் கழுவிவிடுவாள். உதவித்தொகையோடு முனைவர் பட்ட இடம் கிடைத்து வந்தவள். அந்தத் தொகை நின்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் படிக்கவைக்க ஆளில்லை, கல்யாணம் செய்துவைக்க மட்டும் ஆள் ஏராளம்.

பேராசிரியரின் புகழ் முழுக்க ஒரே ஒரு வேதிவினையில் நின்றது. இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைக்க மற்றவர்களெல்லாம் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது, இவர் உலோகமே இல்லாமல் ஒட்டிக் காட்டினார். "என் வினை ஒரு துறவி. எந்த உலோகத்தையும் தொடாது" என்று மேடைதோறும் சொல்வார், கழுத்தில் தொங்கும் தங்கப் பதக்கத்தை நீவியபடி.

சோப்பு அந்த வினையைச் செய்தால் மட்டும் துறவி கண் திறக்கவில்லை. புதுக் குடுவை, உள்ளே கிடந்து சுழன்று கலக்கும் வெள்ளை உறை போட்ட புது மேக்னெட், எல்லாம் பளிச்சென்று இருந்தும் போட்டது போட்டபடியே கிடந்தது.

"உனக்குக் கை சரியில்லம்மா" என்றார் பேராசிரியர். "அடுத்த வாரம் கமிட்டி வருது. அவங்க முன்னாடி செஞ்சு காட்டலேன்னா, உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

சீனியர் இரக்கப்பட்டு இழுப்பறையிலிருந்து ஒரு பழைய மேக்னெட்டை எடுத்துக் கொடுத்தான். கீறல் விழுந்து, கருத்து, பார்க்கச் சகிக்கவில்லை.

"இத போட்டுப் பாரு. ராசியானது. எங்க எல்லாரையும் இதுதான் கரையேத்துச்சு."

"என்ன அண்ணா இது, இவ்ளோ கறுப்பு?"

"பட்டம் வாங்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

போட்டாள். மதியத்துக்குள் வெள்ளை வெளேரென்று படிகம். சந்தோஷப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். உலோகத்தைக் கரைத்து விழுங்கும் ராஜ திராவகத்தில் அந்த மேக்னெட்டை ஊறவைத்துக் கழுவிவிட்டு, மறுபடி வினையை வைத்தாள். துறவி சமாதியாகிவிட்டார். கழுவிய திராவகத்தைச் சோதித்தால், சாட்சாத் பல்லேடியம். யாரோ எப்போதோ செய்த வேலையின் கறை கீறலுக்குள் ஒளிந்துகொண்டு பதக்கம் வாங்கித் தந்திருக்கிறது.

"அண்ணா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தீசிஸ் குடுக்குற வரைக்கும் தெரியாது. நேத்து குடுத்துட்டேன். இனிமே தெரிஞ்சாப் பரவாயில்ல."

அவள் போய்ச் சொன்னதையெல்லாம் பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்டதோ வேறு.

"கழுவிட்டியா?"

"ஆமா சார்."

"முழுசா?"

"முழுசா சார்."

இழவு வீட்டில் உட்காருவதுபோல நாற்காலியில் சரிந்தார். தான் அவருக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சற்று நேரத்தில் மேடைக் குரல் திரும்பிவிட்டது. "சுத்தம் நல்லதுதாம்மா. ஆனா ஒரு ஆய்வகத்துக்குன்னு மரபு இருக்கு. கெடுத்தவதான் சரி பண்ணணும். இந்தா, பல்லேடியம் அலமாரிச் சாவி. புது மேக்னெட் ஒண்ண நல்லாப் பழக்கி எடு. எதுக்குன்னு எங்கிட்டச் சொல்லாத. கமிட்டி அன்னிக்கு வினை ஓடிச்சுன்னா உன் உதவித்தொகைக்கு நான் பொறுப்பு."

அன்று மாலை அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"நீட்டிச்சுட்டாங்களாடி? மாப்பிள்ளை வீட்ல பதில் கேட்டு உயிரை எடுக்குறாங்க."

சாவி உள்ளங்கையில் அழுந்தியது. "வேண்டாம்னு சொல்லிடும்மா. கெடச்சுடும்."

கமிட்டிக்கு முன்னால் படிகம் கொட்டியது. "உங்க மாணவிக்கு என்ன ஒரு கைராசி!" என்று தலைவர் வியந்தார். "எல்லாம் நான் பழக்கினதுதான்" என்ற பேராசிரியர், பதக்கத்தை நீவிக்கொண்டு துறவியைப் பற்றி ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்ததும் சோப்பு குடுவைகளைத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். சாம்பல் நிறமேறிய மேக்னெட்டை மட்டும் காகிதத்தில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தாள்.

"எல்லாத்தையும் கழுவுவியே, அத ஏன் விட்டுட்ட?" என்று சீண்டினான் சீனியர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ராசியானது அண்ணா."