மூன்றாம் சுற்று

எண்ணெய் மாற்ற வந்த குணவதியின் ஸ்கூட்டரில் மீட்டர் பதினோராயிரம் கிலோமீட்டர் காட்டியது. சுங்கை பினாங்கில் மோட்டார் கடை வைத்திருக்கும் மோகனராஜ் சிரித்துவிட்டான்.

"இருபத்திரண்டு வருஷத்துல இவ்வளவுதானாக்கா? ஓட்டாம வெச்சிருந்தா புதுசாத்தான் இருக்கும்லா!"

தினமும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வரும் குணவதிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சீட்டைத் தூக்கிக் காட்டினாள். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு தடவையும் அவள் வைத்த நெயில் பாலிஷ் பொட்டுகள் உள்ளே வரிசை வரிசையாகச் சிவந்திருந்தன.

"மீட்டர் லட்சத்தைத் தாண்டி ரெண்டு தடவை பூஜ்யத்துக்கு வந்துருச்சு தம்பி."

மோகனராஜ் பொட்டுகளை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் நிறுத்தினான். எஞ்சினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இன்னும் எத்தனை வருஷம் ஓடும்க்கா?"

"நீ எத்தனை வருஷம் கடையத் திறந்து வெச்சிருப்ப, அத மொதல்ல சொல்லு!"