கிராவல் போன வழி

பொன்னுராஜ் எனக்குக் கொழுந்தன் முறை, வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். பேவர் பிளாக் பதிக்கிற வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். வெளியாள் ஏமாற்றினால் சட்டையைப் பிடிக்கலாம். சொந்தக்காரன் சட்டையைப் பிடித்தால் அடுத்த கல்யாண வீட்டில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? எங்கள் வாசல் வேலையை அவனிடம் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன்தான் செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ராஜபாண்டி ஒற்றைக்காலில் நின்றார். பேச்சுக்குத்தான் சொல்கிறேன், ரெண்டு காலிலுமே நிற்க முடியாத மனுஷன் அவர்.

கம்பத்திலிருந்து கேரளா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டினார். மலைப்பாதையில் ஜீப் உருண்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் தானாகவே சுற்றுவார், அடுப்படி வரை வந்து குழம்பில் உப்பு குறை சொல்வார். வாசல் தாண்டினால்தான் வினை. எங்கள் வீடு வயலில் கட்டியது. படியிலிருந்து கேட் வரை களிமண். மழை பெய்தால் சக்கரம் புதையும், வெயில் அடித்தால் வெடிப்பில் மாட்டும். வெளியே போக வேண்டுமானால் ரெண்டு பேர் தூக்க வேண்டும். தூக்கும்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். கடைசியில் வெளியே போவதையே விட்டுவிட்டார். தெருமுனை இன்னாசி டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசினால்தான் அவருக்குப் பொழுது விடியும். அதுவும் நின்றது. இந்த வாசல் உருப்படியாக அமைந்தால்தான் மனுஷன் மறுபடி தெருவைப் பார்ப்பார். அப்படிப்பட்ட வேலையில் நான் யாரை நம்புவது?

கம்பத்தில் என் தங்கச்சி யுவராணி வீட்டு வாசல் கதி எனக்குத் தெரியும். மேலே பளபளவென்று கல், அடியில் ஒன்றுமில்லை. களிமண் மேலேயே மணலைத் தூவிக் கல்லைப் பதித்துவிட்டுப் போனான் எவனோ. ஐப்பசி மழை முடியுமுன் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. அதனால் பொன்னுராஜை முதல் நாளே நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"மேல போடுற கல்ல விடு. அடியில என்ன போடுவ?"

"களிமண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும் மதினி. அத வெட்டி எடுத்துட்டு செம்மண் கிராவல் போட்டு, தண்ணி விட்டு மெஷின வச்சு இறுக்கணும். அதுக்கு மேல பெருஜல்லியும் சிறுஜல்லியும் தூளும் கலந்து போட்டு, அதையும் இறுக்கணும். கல்லு பதிக்கிறது கடேசி வேல."

"வாயில போடுற தளம் நல்லாத்தான் இருக்கு. மண்ணுலயும் போடு, பாப்போம்."

வெட்ட ஆரம்பித்தான். டிராக்டர் டிராக்டராக மண் வெளியே போனது. எனக்கு உறுத்தியது. திராட்சைத் தோட்டத்துக்கு வயல் மண் அடிக்க ஆட்கள் அலைகிற காலம் இது.

"எங்க மண்ண எந்தத் தோட்டத்துக்கு வித்துட்டீக கொழுந்தனாரே?"

"இந்தக் களிய எவன் வாங்குவான் மதினி? கொளத்தோரப் பள்ளத்துல கொட்டிருக்கு."

நேரில் போய்ப் பார்த்தேன். கொட்டித்தான் கிடந்தது. அதற்காக அவனை யோக்கியன் என்று சொல்லிவிட முடியுமா?

சொல்ல முடியாது என்று மூன்றாம் நாளே தெரிந்துபோனது. ஜல்லிக் கலவை என்று வந்த லோடுக்குள் உடைந்த டைல்ஸும் காரைக்கட்டியும் கிடந்தன. ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன்.

"இது எந்த மலையில வெட்டுன கல்லு? நீலப் பெயிண்டோட வந்துருக்கு."

அவன் முகம் சுண்டிப்போனது. டிரைவரைப் போனில் ஏசினான், லோடு மாறிப்போச்சு என்றான், திருப்பியும் அனுப்பிவிட்டான். மாறி வந்ததோ, மாட்டிக்கொண்டதால் மாறியதோ, யார் கண்டது? அன்றிலிருந்து நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் அங்கேதான்.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனும் தம்பியும் தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் சோற்றுச் சட்டியோடு போனால் கப்சிப். "மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னேன். ரெண்டு பேரும் குனிந்து சாப்பிட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் அவருக்கு மாத்திரை வாங்கக் கம்பம் போய்த் திரும்பினால், கேட்டருகில் மலையாகக் கிடந்த கிராவல் குவியலில் பாதியைக் காணோம். வாசலில் போட்ட மாதிரியும் இல்லை. இறுக்குகிற மெஷினும் இல்லை. தடதடவென்று அதன் சத்தம் மட்டும் தெருவில் எங்கோ கேட்டது. கொஞ்ச நேரத்தில் பொன்னுராஜ் மெஷினோடு வந்தான்.

"கிராவல் கொறஞ்சிருக்கே?"

"இறுகுனா கொறையத்தான செய்யும் மதினி."

"குமிச்சு வச்சது எப்படி இறுகும்?"

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அது அடிக்கவே இல்லை. உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் கிராவலுக்கு ஏன் இந்தப் பாடு படுத்துற?"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்றேன்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கூடப்பிறந்தவன் முறை உள்ளவனே பிடுங்குகிறான், இவரும் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் தெருவில் புது வீடு கட்டுகிறவர்கள் வாசலையெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் எங்கள் கிராவல் இல்லை. முனைக்குப் போகவில்லை. டீக்கடையில் ஆம்பளைகள் கூட்டம், அங்கன எனக்கென்ன வேலை?

ஜல்லித் தளம் இறுக்கி முடிந்தது. ஜல்லிக்கு நடுவே உள்ள சந்து நிரம்புவதற்காக மேலே லேசாகக் கல்தூள் தூவி விட்டிருந்தான். கல் பதிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று என்னிடமே கறாராகச் சொல்லியிருந்தான். மறுநாள் காலை ஓரமாக நடந்து ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். கல்தூளில், படியிலிருந்து கேட் வரைக்கும், ரெண்டு கோடு.

எவன் வண்டி ஓட்டினான் என் தளத்தில்? குத்தவைத்துப் பார்த்தேன். மண் தள்ளுகிற வண்டிக்கு ஒற்றைச் சக்கரம். சைக்கிள் என்றாலும் ஒரே கோடுதான். சாவியால் தூளைச் சுரண்டினேன். கோடு தூளில் மட்டும் இருந்தது. அடியில் ஜல்லி கொஞ்சம்கூட அமுங்கவில்லை, சாவிதான் வழுக்கியது. படியைத் திரும்பிப் பார்த்தேன். பலகை ஒன்று சரிவாகப் போட்டுக் கிடந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். உள்ளே கட்டில் காலி. சக்கர நாற்காலியையும் காணோம்.

அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கேட் தாண்டினால் டவுன் பஸ் வருகிற ரோடு.

தெருமுனையில் டீக்கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே முன்பு முழங்கால் பள்ளம் ஒன்று உண்டு. அதைக் காணோம். அங்கே செக்கச்செவேலென்று எங்கள் கிராவல், ரோட்டிலிருந்து கடைவரைக்கும் சரிவாக, இறுக்கமாகக் கிடந்தது. அதன் மேல் சக்கர நாற்காலியில் என் வீட்டுக்காரர், கையில் டீ கிளாஸோடு, யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சிலிருந்து பொன்னுராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"கிராவல் எங்கன போச்சுனு கேட்டேன்ல?"

"இங்கனதான் மதினி. அண்ணன்தான்..."

"நாந்தான் சொன்னேன். உன்ட்ட சொன்னா தனியா விடமாட்ட" என்றார் அவர்.

"விடமாட்டேந்தான்."

குதிகாலால் சரிவை ஓங்கி மிதித்தேன். கால்தான் வலித்தது. இன்னாசி ஒரு கிளாஸை நீட்டினார். வாழ்நாளில் முதல்தடவையாக அந்தக் கடையில் நின்று டீ குடித்தேன்.

கிளம்பும்போது பழக்கத்தில் என் கை நாற்காலியின் பிடிக்குப் போனது.

"கைய எடு ஜோதி" என்றார்.

எடுத்துவிட்டேன். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். எங்கள் கேட்டருகே சரிவில் சக்கரம் ஒரு நொடி நின்றது. அவர் கண்ணை மூடவில்லை. ஒரு தம் கட்டித் தள்ளினார், ஏறிவிட்டார். கல்தூளில் இன்னும் ரெண்டு கோடு விழுந்தது.

"திரும்ப மட்டம் பிடிக்கணும் மதினி" என்றான் பொன்னுராஜ் பின்னாலிருந்து.

"பிடி. கல்லு ஒண்ணு ஆடட்டும், அன்னைக்கு இருக்கு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, சிதறிக் கிடந்த அரிசியை அள்ளப் போனேன்.