துணி போட்ட கூண்டு

செத்துப்போன நண்பன் தானியேலின் துக்க ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக நின்றபோது, ராபின் மட்டும் உரத்த குரலில் இரண்டாம் சரணத்தை எடுத்துவிட்டான். அவன் கண்ணை மூடுவதில்லை. மூடினால் ஒன்றும் தெரியாது. கீபோர்டு வாசிக்கும் ஸ்டீவன் கையைத் தூக்கினான், பாடு என்கிறான் போல என்று நினைத்துக்கொண்டான். ஸ்டீவன் தூக்கியது கொசு விரட்ட. ஒரு வரியை முழுதாகப் பாடி, அடுத்ததற்கு மூச்சு இழுத்தபோதுதான் மனைவி சுகிர்தா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. எழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்து மனைவியிடம் கிள்ளு வாங்குகிறவன் அவன். பெட்டியில் கிடந்த தானியேலே அவன் தமாஷுக்கு முதல் ரசிகன். இவ்வளவு பெரிய கோமாளித்தனத்துக்கு ஒரு உதடுகூட அசையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாவப்படுகிறவர்கள் பார்க்கிற இடம் அது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து ராபினுக்குக் காது தேவைப்பட்டதில்லை. அந்த இரைச்சலில் எல்லோருமே உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் வீட்டிலும் ஓட்டிவிட்டான். காது எப்போது கிளம்பிப் போனது என்று அவனுக்கே தெரியாது. சொல்லிவிட்டுத்தான் போயிருக்கும், இவனுக்குக் கேட்டிருக்காது. காது போகட்டும், குரல் இருக்கிறதே! வருடாவருடம் புனித வெள்ளியன்று தனியாக நின்று பாடுகிறவன் அவன்தான். அந்தப் பாட்டு இப்போதும் தலைக்குள் ஒரு சுரம் பிசகாமல் ஓடுகிறது. புனித வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜெபம் முடிந்ததும் வாசலில் ஸ்டீவனை மடக்கினான். "இன்னா நைனா, என் கொரலு நல்லாத்தானே கீது? உண்மைய சொல்லு."

ஸ்டீவன் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். ராபின் வீட்டுக் கூண்டில் இருக்கும் ஃபின்ச் குருவி அவன் கொடுத்ததுதான். நேராகப் பதில் சொல்ல அவனுக்கு வராது.

"உங்க ஊட்டு ஆண் குருவி இருக்குல்லண்ணா, அது அப்பன் பாட்ட கேட்டு கத்துக்கினது. கத்துக்கின பொறவும், பாடும்போதெல்லாம் தன் கொரல தானே கேட்டு சரி பண்ணிக்கினே இருக்கும். காது போச்சின்னா பாட்டு கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சிடும்."

"தப்பா பாடறோம்னு அதுக்குத் தெரியாதா?"

ஸ்டீவன் செருப்பைத் தேடினான். "தூங்கும்போதுகூட அந்தப் பாட்டு மூளைல ஓடும்ணா. பகல்ல பாடின அதே பாட்டு. சத்தம் மட்டும் வராது."

"குருவிய உடு. நான் பாடலாமா?"

"நீங்க பாடாம யாருண்ணா பாடறது?" ஸ்டீவன் தரையைப் பார்த்துச் சொன்னான். ராபினுக்குப் பாதி உதடுதான் தெரிந்தது.

பொழுது சாய்ந்ததும் சுகிர்தா வழக்கம்போல் கூண்டின் மேல் பழைய துண்டைப் போட்டுவிட்டு மீன் கழுவப் போனாள். ராபின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அப்போது குருவி பாடியது. சீப்பின் பல்லை நகத்தால் வருடுவது போன்ற அந்த மெல்லிய, அவசரமான பாட்டு, முதலிலிருந்து கடைசிவரை தெளிவாகக் கேட்டது. அவன் துள்ளி எழுந்தான்.

"சுகி, இங்க வா! குருவி பாடுது. எனக்குக் கேக்குது!"

அவள் ஈரக்கையோடு வந்து துண்டின் ஓரத்தைத் தூக்கினாள். குருவி இறகைச் சிலிர்த்துப் பந்தாகி, சிவப்பு மூக்கை முதுகுக்குள் செருகியிருந்தது. சுகிர்தா புறங்கையால் அவன் தாடையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது தூங்குதுய்யா. ஒரு சத்தமும் இல்ல."

ஏதாவது தமாஷ் சொல்லப் பார்த்தான். வரவில்லை. "அப்ப என் பாட்டு?"

எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் "நல்லாத்தான் கீது" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். இன்று அவன் கண்ணைப் பார்த்தாள்.

"போயிடுச்சி. ரொம்ப நாளாச்சி. சர்ச்சுல யாருக்கும் சொல்ல மனசு வரல. எனக்கும்தான்."

துண்டை அவள் இறக்கவில்லை. இருவரும் கூண்டையே பார்த்தபடி நின்றார்கள். குருவியின் தொண்டையில் எதுவும் அசையவில்லை. ராபினுக்கு அதன் பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.