இரண்டு கதிர்மானிகள்

குழாயடியில் கை கழுவிவிட்டு ஈரக் கையோடு பட்டறைக்குள் நுழைந்தபோது, அண்ணன் இரண்டு கருவிகளையும் ஜன்னல் விளிம்பில் அருகருகே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலை வெயில் இரண்டின் மேலும் ஒரே சாய்வில் விழுந்துகொண்டிருந்தது. “எது எதுன்னு சொல்லு பாக்கலாம்” என்றார். பரீட்சை வைக்கும் வாத்தியாரின் முகம். நானும் அந்த விளையாட்டுக்கு உடன்பட்டு, சற்றுக் குனிந்து பார்த்து, இடப்பக்கம் இருந்ததுதான் அசல் என்று சுட்டிக்காட்டினேன். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் சிரிப்பார், அல்லது தலையில் ஒரு குட்டு வைப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“சரியா தப்பான்னு சொல்லுங்கண்ணா. நீங்கதானே எடுத்து வச்சீங்க.”

“வச்சேன்தான். வெளிச்சத்துல போட்டோ எடுக்கலாம்னு ரெண்டையும் தொடச்சேன், இப்படியும் அப்படியும் மாத்தி மாத்தி வச்சேன். எனக்குக் குழம்பிடுச்சு. உனக்குத் தெரியும்தானே?”

என் விரல் இன்னும் இடப்பக்கத்துக் கருவியை நோக்கி நீண்டிருந்தது. அதை மெல்ல மடக்கிக்கொண்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே ஓரிரு வார்த்தைகள் சொல்லிவிடுவது நல்லது. பழைய திரைப்படங்களில் நடிகர்கள் கையில் ஏந்தி வந்த பொருள்களை அச்சு அசலாக மறுபடியும் செய்து தருகிறோம். அந்த நாளில் அவற்றைச் செய்தவர்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் ஒட்டவைத்துத்தான் விண்கலத்துக் கருவி என்றும், மாயக் கண்ணாடி என்றும் படம் பிடித்தார்கள். ஆகவே அவர்களுக்கு அகப்பட்டது எதுவோ அதையே நாங்களும் தேட வேண்டியிருக்கிறது. புதிதாக வார்த்து எடுத்த பாகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தேடுவதும் பொருத்துவதும் அண்ணன் வேலை. பொருத்தியதைப் பழசாக்குவது என் வேலை. “ஊர் உலகத்துல எல்லாரும் பழசைப் புதுசாக்கிப் பொழைக்கிறாங்க. இந்த வீட்டுல மட்டும் எல்லாமே தலைகீழ்” என்று அண்ணி சொல்வதில் குறை காண முடியாது. வெள்ளிப் பூச்சின் மேல் உப்பைத் தூவி, அதன்மேல் கறுப்புப் பூசி, காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பல காலம் கைபட்டுச் செதில் உதிர்ந்த தோற்றம் வந்துவிடும். விளிம்புகளுக்கு உப்புத்தாள், இடுக்குகளுக்கு எண்ணெயில் குழைத்த விளக்குக் கரி. எல்லாவற்றையும்விடக் கடினமானது கை அழுக்கு. ஒரு மனிதன் ஒரு பொருளை எங்கே பிடிப்பான், எங்கே பிடிக்கவே மாட்டான் என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

கதிர்மானி என்பது ஒரு பழைய படத்தில் வேற்றுக்கிரகத்தில் இறங்கும் வீரன் ஒருவன் தூக்கிக்கொண்டு நடக்கும் கருவி. நச்சுக் கதிரை அளக்குமாம். சைக்கிள் டைனமோ விளக்கின் தலை, வோல்ட் மீட்டர் ஒன்றின் முகம், வால்வு ரேடியோவின் குமிழ்கள், பழைய கேமரா ஃபிளாஷின் கைப்பிடி. இவ்வளவுதான் அந்தப் பயங்கரக் கருவி. அந்த வீரனாக நடித்தவருக்குப் படத்தில் வசனம் கிடையாது, அதற்குப் பிறகு வேறு படமும் கிடையாது. படப்பிடிப்பு முடிந்த அன்று யாரோ அதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மீதி வாழ்நாளை அலுவலக மேசையில் கழித்த அந்த மனிதர், மாலையில் வீடு திரும்பியதும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாற்காலியில் சாய்வாராம். அதை எங்களிடம் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அதை முன்னிட்டு இரண்டு மகன்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

“வீட்டைப் பிரிச்சப்பகூடச் சண்டை வரலைம்மா. இந்த டப்பாவுக்கு வந்துச்சு” என்றார் அந்த அம்மாள். பெரிய மகனுக்குச் சிறுவயதில் காய்ச்சல் கண்டபோதெல்லாம் அப்பா அந்தக் கருவியை நெற்றியில் வைத்துக் காய்ச்சலை ‘அளந்து’ சொல்லுவாராம். சின்னவர், கடைசிக் காலத்தில் படுக்கையிலிருந்த அப்பாவின் கையில் தினமும் அதை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாராம். இரண்டில் எந்த உரிமை பெரியது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அந்த அம்மாள் முடிவு செய்திருந்தார். அசலைப் போலவே ஒன்று செய்து, இரண்டையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்; எது அசல் என்று இருவருக்கும் சொல்ல மாட்டார். “ஆனா அசல் சின்னவன் கைக்குத்தான் போகணும். அவன்தான் பக்கத்துல இருந்தான். என் மனசுக்குத் தெரிஞ்சாப் போதும்.” இன்னொரு நிபந்தனையும் விதித்தார். கருவியைத் திறக்கக் கூடாது. கடைசியாக அதை மூடித் திருகாணிகளின் தலையில் கறுப்பைத் தொட்டுவைத்தது அவர் கணவர். அந்தப் பூச்சு உடையக் கூடாது.

ஒரு தாயின் ஓரவஞ்சனைக்கு நாமும் துணைபோகிறோமே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. அதைப் பணிவு கருதி வெளியில் சொல்லவில்லை. பதிலாக வேலையில் மூழ்கினேன். உறுத்தல் அதிகமாகும்போதெல்லாம் வேலையும் நுணுக்கமாகிக்கொண்டே போனது. அண்ணன் மூடிக்கிடந்த ஆலை ஒன்றின் மின்பலகையிலிருந்து அதே வோல்ட் மீட்டரைத் தேடிப் பிடித்தார். அசலை ஆட்டினால் உள்ளே ஏதோ ஒன்று மெல்ல உருளும். அதற்காக ஒரு வாஷரை உள்ளே தளர்வாகப் போட்டு, காதருகே வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்து, அந்தச் சத்தத்தையும் கொண்டுவந்தார். எடை குறைந்ததற்கு ஈயத்துண்டு சேர்த்துத் தராசில் நேராக்கினார். நான் ஒவ்வொரு கீறலையும் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இட்டேன். திருகாணித் தலையின் கறுப்பைக்கூட, வயதானவரின் கை நடுங்கியது போலச் சற்று விலகித் தொட்டுவைத்தேன். எங்கள் கையால் ஆன எதற்கும் அடியில் ஊசிமுனையால் ஒரு புள்ளி குத்துவது வழக்கம். அதைக் கடைசியில்தான் செய்வேன், துணியில் சுற்றுவதற்குச் சற்று முன்பு. முன்பே குத்தினால் மேலே ஏறும் கரி அதையும் மூடிவிடும். அதுவரை மேசையின் இடப்பக்கம் வெள்ளைத்துணிமேல் இருப்பது அசல், வலப்பக்கம் காகிதத்தின்மேல் இருப்பது நகல். இவ்வளவு நாளும் எனக்கு அது தெரிந்திருந்தது அது இருந்த இடத்தால்தான், அதன் முகத்தால் அல்ல என்பது அந்த ஜன்னலருகில்தான் விளங்கியது.

காலை முழுவதும் பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றியது. அண்ணன் இரண்டையும் முகர்ந்து பார்த்தார். இரண்டிலும் எண்ணெய் வாசனைதான் வந்தது. துடைத்த துணி ஒன்றே அல்லவா? தராசு தன் பங்குக்கு நடுவில் அசையாமல் நின்று எங்களைக் கேலி செய்தது. பூதக்கண்ணாடியில் ஒரு கீறலைக் கண்டு, இது நிச்சயம் நான் போட்டது என்று மகிழ்ந்து, மற்றதைத் திருப்பினால் அங்கேயும் அதே கீறல் அதே கோணலோடு இருந்தது. பூச்சைக் கரைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றிப் பார்க்கலாம் என்றால், அசலாக இருந்தால் அது அங்கேயே போயிற்று. மத்தியானத்துக்குள் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் இருவரும் ஒரே நாளில் வருவதற்கு ஒப்புக்கொண்டதே பெரிய காரியமாம்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். “ஒண்ணைத் தெறந்துடுவோம். உள்ள புது ஈயம் இருந்தா நம்மது. இல்லேன்னா அடுத்தது நம்மது. தெறந்தது அசலாவே இருந்தாலும் நீ மறுபடி கறுப்பு தொட்டு வச்சுடமாட்டியா?”

“வச்சுடுவேன். அப்புறம் அது யார் மூடினது?”

அவர் ஸ்க்ரூடிரைவரால் காதைச் சொறிந்துகொண்டார். பிறகு, எதையாவது ஒன்றைக் கைகாட்டிவிட்டு வந்துவிடு, உன்னைத் தவிர யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் நடையைப் பார்க்கச் சகிக்காமல்தான் சொன்னார்.

“எனக்குத் தெரியுமேண்ணா, எனக்குத் தெரியலைன்னு.”

“இப்படிப் பேசித்தான் உனக்குத் தூக்கம் வர்றதில்ல” என்று முணுமுணுத்தபடி இரண்டையும் தனித்தனித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தார். ஊசியை யாரும் எடுக்கவில்லை.

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லுவது என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். மன்னிக்க வேண்டும் என்று தொடங்குவதா, ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது என்று தொடங்குவதா? சிறு தவறு என்பது பொய். பெரிய தவறு என்றால், அடுத்த வார்த்தைக்கு முன் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்? பள்ளத்தில் பேருந்து குலுங்கும்போதெல்லாம் பைக்குள் இரண்டின் உள்ளேயும் ஏதோ ஒன்றாக உருண்டது. ஒரே சத்தம். அண்ணனின் கெட்டிக்காரத்தனத்தை அப்போது மனதார வெறுத்தேன், அதைவிட என்னுடையதை.

பெரியவரும் சின்னவரும் முன்னறையில் இருந்தார்கள். ஒருவர் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார்; மற்றவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியை, அதில் இன்னும் படிக்க மிச்சமிருப்பது போல, பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வெறும் மேசை. இருவரும் என்னை வாங்க என்று வரவேற்றார்கள், தனித்தனியாக. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் குடிக்க வாம்மா என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

சமையலறை மேடையில் துணிகளை அவிழ்த்தேன். கோத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. அண்ணன் இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று தொடங்கப் போனேன். அது பழியை அவர்மேல் போடுவதாகத் தோன்றவே நிறுத்திக்கொண்டேன். கடைசியில், “இதுல எது உங்களுதுன்னு எனக்குத் தெரியலைம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டென்று நம்பவில்லை. விளையாட்டா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் திறந்தால் அவர் தொட்டுவைத்தது போய்விடும், அதனால் திறக்கவில்லை என்று விளக்கினேன். ஒருவேளை திறக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லமாட்டாரா என்றும் ஏங்கினேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒன்றைத் தூக்கினார். நாற்காலியில் சாய்ந்து ஒரு மனிதர் பிடிப்பது போலக் கைப்பிடியைப் பிடித்து, கட்டைவிரலை அதன் வழவழப்பான பள்ளத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது. அடுப்பில் ஏதோ கொதித்து மூடி தடதடத்தது. இருவருமே அதை அணைக்கப் போகவில்லை.

“அவர் விரல் இருந்த எடத்துல என் விரல் போகுதான்னு பாத்தேன்” என்றார் கண்ணைத் திறந்து. “ரெண்டுலயும் போகுதும்மா.”

நான் தரையைப் பார்த்தேன்.

“இத்தனை வருஷம் கூட இருந்தேன். எனக்காவது தெரியணுமில்ல?” அவர் குரலில் கோபம் இருந்தது, அது என்மேல் வருகிறதா வேறெங்காவது போகிறதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. “நீ ரொம்பக் கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார். அந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை நாள் உப்பும் கரியுமாக உட்கார்ந்திருந்தேன்? அது இப்படி வந்து சேர்ந்தது.

செய்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொல்ல முடியவில்லை. எதைத் திரும்ப எடுத்துக்கொள்வது? அவர்களிடம் நானே உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கை காட்டினார். சற்று நேரம் மேடையில் கையூன்றி நின்றார். அசல் சின்னவனுக்கு என்று தான் நினைத்தது தனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை என்று, என்னிடமா பாத்திரங்களிடமா என்று தெரியாதபடி, தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். விருந்தாளிகளுக்குத் தேநீர் கொண்டுபோகும் பெரிய தட்டு. அதில் இரண்டையும் அருகருகே வைத்தார். எது எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். எனக்குக் கை பரபரத்தது. ஏதாவது ஒன்றை ஒரு விரல்கடை நகர்த்தியாவது வைக்க வேண்டும் போலிருந்தது.

அவர் முன்னறைக்குப் போனபோது நான் சமையலறை வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். பத்திரிகை மடங்கியது. நாட்காட்டியிலிருந்து தலை திரும்பியது. அவர் மேசைமேல் இரண்டையும் இறக்கி வைத்தார்.

“இதுல ஒண்ணு அப்பாது” என்றார். “எதுன்னு எனக்கும் தெரியாது. எடுத்துக்குங்க.”

பெரியவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். சின்னவர் அம்மாவின் முகத்தை ஒருமுறை, என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஏமாற்றுகிறார்களா என்று அவர் தேடுவது தெரிந்தது. அவர் பார்வை என்மேல் நின்ற அந்த நேரத்தில் ஒளிக்க எதுவுமே இல்லாமலிருந்தும் என் கழுத்து வியர்த்தது. மேசைமேல் இரண்டும் ஒன்றுபோலவே வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருந்தன. யார் முதலில் கை நீட்டினார் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தது போலத்தான் இருந்தது. இரண்டும் ஒரே கருவியின்மேல் போய் விழுந்தன.

பெரியவரின் கை கைப்பிடியைச் சுற்றியிருந்தது. சின்னவரின் கை அந்தக் கையின்மேலேயே விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. இருவரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். யாரும் இழுக்கவில்லை, யாரும் விடவுமில்லை. மற்றது மேசையின் அந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது. அந்த அம்மாள் வெறும் தட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகளின் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று வெளுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தபடி நின்றார்.