கண்டக்டரம்மாவின் கைவரிசை

அந்தச் சபையில் ஆராதனையின் நடுவில் எல்லோரும் எழுந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து, "சமாதானம்" என்று சொல்லிக்கொள்வார்கள். கொஞ்ச நாளாக அந்த நேரம் வந்தால் போதும், பின்வரிசைக்காரர்களுக்கு எங்கிருந்தோ வேலை முளைத்துவிடும். ஒருவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவார். ஒருவருக்கு இருமல் வரும். பாட்டுக்குழுத் தலைவி கைப்பையை மடியிலிருந்து கக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்.

காரணம், கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த லாண்டரிக்காரர். பஸ்ஸில் ஜேப்படி அடித்துப் பிழைத்தவர். பிடிபட்டு உள்ளே போனார். அங்கே ஜெபம் சொல்ல வந்த ஒரு பெரியவரின் பேச்சில் மனம் மாறி வெளியே வந்தார். இப்போது லாண்டரியில் வேலை. துவைக்கப் போடும் முன் ஒவ்வொரு சட்டைப் பையிலும் கைவிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய முதல் பொறுப்பு. முன்பு எதற்காக உள்ளே போட்டார்களோ, அதற்கே இப்போது சம்பளம். இதைச் சொல்லிச் சிரிக்க அவருக்கு ஆசைதான். சபையில் ஆள்தான் கிடைக்கவில்லை.

பழைய தொழிலில் அவருக்கு 'பிளேடு' என்று பெயர். அது எப்படியோ சபைக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது. போதகருக்கும் முதுகுக்குப் பின்னால் அதே பெயர்தான் என்பது இருவருக்குமே தெரியாது. போதகரின் பிரசங்கம் அவ்வளவு நீளம்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார் கண்டக்டரம்மா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்வரிசையிலிருந்து எழுந்து நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "சமாதானம்."

லாண்டரிக்காரர் உள்ளங்கையைப் பேன்ட்டில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் கைகொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும், "என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"மறக்க முடியுமாம்மா? உங்க பஸ்ல ஏறவே எங்க ஆளுங்க பயப்படுவாங்க. டிக்கெட் குடுக்கற மாதிரியே அறையும் குடுப்பீங்க."

"உங்களுக்கும் குடுத்திருக்கேனா?"

"ஒண்ணு குடுத்தீங்க. மீதிச் சில்லறை வேண்டாம்னு இறங்கி ஓடிட்டேன்."

கண்டக்டரம்மா பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். லாண்டரிக்காரரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "அடுத்த வாரத்துலேருந்து நான் வரலைம்மா" என்றார்.

"ஏன்?"

"பாவம்மா அவங்க. நான் இருந்தா நிம்மதியா ஜெபம் பண்ண முடியல. ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஒரு கண்ணால பையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. கடவுளுக்குப் பாதிதான் போய்ச் சேருது."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களுக்காகத்தான் வருத்தப்பட்டார். அதுதான் கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இன்னும் ஒரே ஒரு வாரம் வாங்க. எனக்காக" என்றார். அவருடைய முகத்தில் அப்போதே ஒரு விஷமம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு போதகர் எடுத்துக்கொண்டது, கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறிய குள்ளமான வரிவசூல்காரரின் கதை. ஊரே ஒதுக்கி வைத்திருந்த மனிதர். அவர் எப்படி ஏறினார், எந்தக் கிளையில் உட்கார்ந்தார் என்றெல்லாம் போதகர் விரிவாகச் சொன்னார். பிறகு தாளைப் புரட்டினார், கொஞ்சம் திகைத்தார், நேரே ஆசீர்வாதத்துக்குப் போய்விட்டார். பிரசங்கம் சீக்கிரம் முடிந்ததில் எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பரிசுத்தம்.

பக்கத்துக் கூடத்தில் டீயும் பன்னும் வைத்திருந்தார்கள். டீக்கு முன் கை, முகம் கழுவப் போன சபைப் பொருளாளர், கடிகாரத்தைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் வைத்திருந்தார். முகம் துடைத்துவிட்டுப் பார்த்தால் காணோம். இந்தப் பக்கம் பாட்டுக்குழுத் தலைவியின் மூக்குக்கண்ணாடியும் காணோம்.

"நான் யாரையும் சொல்லல" என்றார் பொருளாளர், லாண்டரிக்காரரைப் பார்த்துக்கொண்டே.

கூடத்தில் இருந்த மற்ற கண்களும் அவரையேதான் பார்த்தன.

லாண்டரிக்காரர் டீயை மெதுவாகக் கீழே வைத்தார். யாரும் எதுவும் கேட்கும் முன்பே பைகளைக் காலி செய்யத் தொடங்கினார். ஒரு கைக்குட்டை, ஒரு சாவி, காகிதத்தில் சுற்றிய பாதி பன். பேன்ட் பைகளை உள்ளிருந்து வெளியே இழுத்துவிட்டார். அவை இரண்டு பக்கமும் நாக்குப் போலத் தொங்கின. பிறகு, பழகிய கையோடு, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

கொஞ்சம் கூச்சல் எழும், எல்லோரும் அசட்டுப் பார்வை பார்ப்பார்கள், நடுவில் புகுந்து அவர்கள் மானத்தை வாங்கலாம் என்றுதான் கண்டக்டரம்மா திட்டம் போட்டிருந்தார். ஒரு மனிதருக்கு இப்படி நின்று நின்று பழகிப்போயிருக்கும் என்பது அவருடைய கணக்கில் இல்லை.

"நிறுத்துங்க" என்றார். விசில் இல்லாமலே பஸ்ஸை நிறுத்துகிற குரல். "என் பைல யாரும் தேடலையா?"

மேஜைமேல் தன் பையைக் கவிழ்த்தார். கடிகாரம், மூக்குக்கண்ணாடி, நாலாக மடித்த ஒரு தாள்.

"நான்தான் எடுத்தேன். போலீசைக் கூப்பிடுங்க."

பொருளாளர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "கண்டக்டரம்மாவுக்கு எப்பவும் விளையாட்டுதான்."

"அதே கடிகாரம்தானே அண்ணே? அவர் பைல இருந்தா திருட்டு, என் பைல இருந்தா விளையாட்டா?"

பொருளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அது மணியைத்தான் காட்டியது.

போதகர் அந்தத் தாளை எடுத்து விரித்தார். "இது என் பிரசங்கம்ல?"

"ஆமாங்க ஐயா. காலைல உங்க மேஜைலேருந்து எடுத்தேன். இயேசு மரத்தடிக்கு வந்து, 'இறங்கி வாப்பா, இன்னிக்கு உன் வீட்டுக்குத்தான் வரேன்'னு கூப்பிடற பக்கம். அந்த மனுஷனை மரத்து மேலேயே விட்டுட்டு ஆசீர்வாதம் சொல்லி முடிச்சிட்டீங்க. இங்க யாருக்குமே தெரியல."

"எதையோ விட்டோம்னு தெரிஞ்சுது" என்றார் போதகர், குரல் இறங்கி. "எதைன்னு தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்றார் லாண்டரிக்காரர். பைகள் இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. "உள்ள இருந்தப்போ எனக்கு முதல்ல சொன்ன கதையே அதுதான். வீட்டுக்கு வரேன்னு சொல்ற இடம் வரும், வரும்னு உக்காந்திருந்தேன்."

அவர் கண்டக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்மா."

"தப்புதான் தம்பி. இவங்களுக்குப் பாடம் எடுக்கறேன்னு உங்களை நடுவுல நிக்க வெச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

லாண்டரிக்காரர் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பொத்தானைப் போட்டார். பிறகு, "அதையும் ஒழுங்கா எடுக்கத் தெரியல உங்களுக்கு" என்றார். "பையை இப்படியா கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க? எங்க காலத்துல இருந்திருந்தா முதல் ஸ்டாப்லயே மாட்டியிருப்பீங்க."

முதலில் சிரித்தது பாட்டுக்குழுத் தலைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் உங்களைப் பார்த்ததும் பையை மாத்திப்பேன். வெட்கமா இருக்கு" என்றார். லாண்டரிக்காரர், "பரவால்லீங்க, அந்தப் பையோட ஜிப் ஒரு மாசமா மூடவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

போதகர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாங்க உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் சொன்ன மிகச் சிறிய பிரசங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

"வாங்க. ஆனா ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதான். அதுலயும் மூணு கால்தான் உருப்படி."

அடுத்த ஞாயிறு மதியம், சபைக்கூடத்து நாற்காலிகளைத் தலைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு லாண்டரிக்குப் போனார்கள். லாண்டரிக்காரரின் அறை அதன் மாடியில். படிக்கட்டோ ஓர் ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுகிற அகலம். முதலில் ஏறிய பொருளாளர் நாற்காலியோடு பாதிப் படியில் சிக்கிக்கொண்டார். மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. லாண்டரிக்காரர் மேலிருந்து பிடித்து இழுத்தார்.

"தம்பி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார் பொருளாளர். முகத்துக்கு நேரே முகம் இருந்ததால் அவருக்கு வேறெங்கும் பார்க்க முடியவில்லை. "நான் அப்படிப் பாத்திருக்கக் கூடாது."

"முதல்ல காலைத் தூக்குங்கண்ணே. உங்க கால் இல்ல, நாற்காலிக் கால்."

"மன்னிச்சேன்னு சொல்லுங்க, தூக்கறேன்."

"மன்னிச்சேன். தூக்குங்க, பின்னால போதகர் நசுங்கறார்."

மேலே மடித்த வெள்ளைத் துணிக்கட்டுகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மூன்று டம்ளர்தான் இருந்தது; ஒருவர் குடித்ததும் கழுவி அடுத்தவருக்கு ஊற்றினார் லாண்டரிக்காரர். வாசலில் நின்று எல்லோரையும் எண்ணியபடி, "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் இடம் இருக்கு" என்று குரல் கொடுத்தார் கண்டக்டரம்மா.

கிளம்பும்போது அந்தப் படிக்கட்டை நினைத்து யாருக்கும் நாற்காலியைத் தொட மனம் வரவில்லை. "இங்கேயே இருக்கட்டும், அடுத்த தடவை வரும்போது வேணுமில்ல" என்று சொல்லிவிட்டார் பொருளாளர். அதனால் இப்போது சபைக்கூடத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் டீ குடிக்கிறார்கள்.